கையெழுத்து இல்லாத எழுத்தாளர்கள்

பத்திரிகையில் வெளியாகும் கதைக்கு மேலே ஆசிரியரின் பெயர் இருக்கிறது. கவிதைக்கு அடியில் இருக்கிறது. வாசகர் கடிதத்தின் கீழேகூட ஊரும் பேரும் தவறாமல் இருக்கின்றன. அதே பத்திரிகையின் பின்னட்டையில், கதையைப் படிக்காதவர்களின் கண்ணுக்கும் தப்பாத இடத்தில், ஒரு சோப்பைப் பற்றியோ ஒரு பற்பசையைப் பற்றியோ அச்சாகியிருக்கும் வாக்கியங்களை எழுதியவர் யார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை, எவரும் கேட்பதுமில்லை. ஆயினும், சென்ற நூற்றாண்டில் கோடிக்கணக்கான ஜனங்கள் காலையில் எழுந்தவுடன் எதைக் கொண்டு பல் துலக்குவது, ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்பதா பிழிந்து குடிப்பதா, எந்தச் சோப்பால் முகம் கழுவுவது என்பவற்றையெல்லாம் அவ்விதம் பெயரில்லாமல் எழுதப்பட்ட வாக்கியங்களே பெரும்பாலும் தீர்மானித்தன.

விற்பனைக் கலையைப் போதிப்பவர்களுக்கு இன்று குறைவில்லை. தலைப்பு இப்படி இருக்கவேண்டும், முதல் வரி இப்படித் தொடங்கவேண்டும், வாங்குபவரின் நன்மையையே முன்னால் சொல்லவேண்டும் என்று அவர்கள் நாள்தோறும் எடுத்துரைக்கும் விதிகளில் மிகப்பல, எண்பது நூறு ஆண்டுகளுக்கு முன்னே அமெரிக்காவில் ஒரு சிலர் தோற்றும் ஜெயித்தும் கண்டறிந்தவை. விதிகள் நிலைத்துவிட்டன, அவற்றைக் கண்டவர்களின் வாழ்க்கையோ பெரும்பாலும் மறந்துபோயிற்று. அந்த வாழ்க்கையை அறியாமல் விதிகளை மாத்திரம் மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், முகம் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து பதிலை வரவழைப்பது எப்படி, வந்த பதிலுக்குச் செவி கொடுப்பது எப்படி என்ற ஒரே பிரச்சினையோடுதான் அவர்கள் ஆயுள் முழுவதும் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் அவரவருடைய இளமைப் பருவமும் தரித்திரமும் சுபாவமும் கலந்திருந்தன.

1904ஆம் ஆண்டில் ஒருநாள், சிகாகோ நகரத்தில் லார்ட் அண்ட் தாமஸ் என்ற விளம்பர ஸ்தாபனத்தின் அலுவலகத்துக்குக் கீழ்த்தளத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்து சேர்ந்தது. கீழே இருந்த மதுக்கடையில் தான் உட்கார்ந்திருப்பதாகவும், விளம்பரம் என்றால் என்ன என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது, தனக்குத் தெரியும் என்றும், அறிந்துகொள்ள இஷ்டமிருந்தால் ஏவலாளிடம் ஆம் என்று சொல்லியனுப்பலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. எழுதியவர் ஜான் கென்னடி, கனடா தேசத்தவர், ஒரு காலத்தில் அந்நாட்டின் குதிரைப் போலீஸ் படையில் பணியாற்றியவர். ஸ்தாபனத்தின் மூத்தவர் அந்தச் சீட்டைப் பொருட்படுத்தவில்லை. இருபத்து நான்கு வயதே ஆன இளைய கூட்டாளி ஆல்பர்ட் லாஸ்கர் மட்டும் அந்த மனிதரை மேலே வரவழைத்து, நள்ளிரவு வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தார். கென்னடி சொன்ன விஷயம் இதுதான்: விளம்பரம் என்பது அச்சில் நடக்கும் விற்பனை. கடைக்காரர் ஒருவர் நேரில் நின்று, இந்தப் பொருளை நீங்கள் ஏன் வாங்கவேண்டும் என்று காரணம் காட்டிப் பேசுவது போலவே அச்செழுத்தும் பேசவேண்டும். இன்று இது யாவரும் அறிந்த சங்கதி. அன்றோ, பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் திரும்பத் திரும்பக் காட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்கு அது புதிய வேதமாக இருந்தது.

லாஸ்கர் இந்தத் தொழிலுக்கு வந்ததே எதிர்பாராத விதமாகத்தான். ஜெர்மனியில் பிறந்து, டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வளர்ந்த அவருக்குப் பத்திரிகை நிருபராக வேண்டும் என்பதே ஆசை. தகப்பனாரின் நிர்ப்பந்தத்தால் 1898இல், பதினெட்டாம் வயதில், சிகாகோவுக்குச் சில காலம் இருந்து பார்க்க வந்தவர், சூதாட்டத்தில் ஐந்நூறு டாலர் இழந்து, அந்தக் கடனை அடைப்பதற்கு முதலாளியிடம் முன்பணம் பெற்று, அதைக் கழிப்பதற்காகவே உத்தியோகத்தில் தங்கிவிட்டார். பிறகு அந்த ஸ்தாபனமே அவருடைய சொந்தமாயிற்று. தாமே பெரிய எழுத்தாளராக விளங்காமற்போனாலும், எழுத்தாளரை இனம் கண்டுகொள்ளும் ஆற்றலில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் இல்லை. கென்னடி சில ஆண்டுகளிலேயே விலகிப்போக, அந்த இடத்துக்கு லாஸ்கர் தேடிப் பிடித்த மனிதரைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

கிளாட் ஹாப்கின்ஸ் 1866இல் மிச்சிகன் மாகாணத்தில் பிறந்தவர். பத்திரிகை நடத்திய தந்தை, மகனுக்குப் பத்து வயதாகும்போது காலமாகிவிட்டார். தாயார் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி, முன்னும் பின்னும் வீட்டு வேலைகளைக் கவனித்து, இரவில் சிறுவர் பள்ளிகளுக்கான புத்தகங்களை எழுதி, விடுமுறை வந்ததும் அந்தப் புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று விற்றவர். அந்த அம்மையார் வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்கும் ஒருவகைப் பசையும் தயாரித்தார். சிறுவன் கிளாட் அதை வில்லைகளாக்கி, அழகிய காகிதத்தில் சுற்றி, வீடு வீடாகக் கொண்டு போனான். வாசற்படியில் நின்று பசையின் பெருமையைச் சொன்னபோது பத்து வீடுகளில் ஒரு வீட்டில்தான் வாங்கினார்கள். பாத்திரங்கள் இருக்கும் அறைக்குள் போக அனுமதி பெற்று, கறுத்துக் கிடந்த ஒரு கரண்டியை எடுத்து அந்த வீட்டுப் பெண்மணியின் கண்ணெதிரே தேய்த்துக் காட்டியபோது ஏறக்குறைய எல்லோருமே வாங்கினார்கள். பிற்காலத்தில் ஹாப்கின்ஸ் கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்துக்கு எழுதிக் குவித்தவற்றின் சாரமெல்லாம் அந்த அறைக்குள் கிடைத்த ஞானந்தான். மாதிரிப் பொருளை இலவசமாக அனுப்புவது, வாங்கும் முன் சோதித்துப் பார்க்கச் சொல்வது என்று அவர் கையாண்ட ஒவ்வொரு யுக்தியும் அந்தக் கரண்டியை மீண்டும் மீண்டும் தேய்த்துக் காட்டியதுதான்.

தாயாரின் ஆசை மகனை மதப் பிரசங்கியாக்குவது. பதினேழு பதினெட்டு வயதில் அவன் பிரசங்கம் செய்யவும் செய்தான். ஆனால் வாழ்க்கையின் சிறு இன்பங்களையெல்லாம் பாவம் என்று ஒதுக்கும் கடுமையான சித்தாந்தத்தில் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை ஒளிக்காமல் சபையின் முன்னிலையிலேயே சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். அன்றோடு தாயின் மனம் அவனைவிட்டு விலகியது. அந்தப் பிரிவின் வேதனையை அறுபது வயதைக் கடந்த பின்னும் அவர் மறக்கவில்லை என்பது சுயசரிதையைப் படிப்பவர்களுக்கு விளங்கும். எளிய ஜனங்களுக்குப் புரியும் பாஷையில், ஆடம்பரம் சிறிதும் இல்லாமல், ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசுவது போல எழுதும் சக்தி அவருக்கு அந்தப் பிரசங்க மேடையிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் பிஸ்ஸல் என்ற கம்பளம் பெருக்கும் கருவி செய்யும் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், விற்பனைக் கடிதங்கள் எழுதத் தொடங்கி, பிறகு சிகாகோவுக்கும் ரஸீன் நகரத்துக்கும் சென்று, ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்காக எழுதியதைத்தான் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். மில்வாக்கி நகரத்து வடிசாலையை அவர் நேரில் போய்ப் பார்த்தார். கண்ணாடிச் சுவர் எழுப்பிய அறைகளில், வடிகட்டிய காற்றின் நடுவே பீர் குளிர்விக்கப்படுவதையும், பூமியின் ஆழத்திலிருந்து ஊற்று நீர் எடுக்கப்படுவதையும், புட்டிகள் இயந்திரத்தால் பல தடவை கழுவப்படுவதையும் கண்டு வியந்து, இதையெல்லாம் ஏன் ஜனங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா வடிசாலைகளும் இப்படித்தான் செய்கின்றன, இதில் விசேஷம் என்ன என்று அவர்கள் பதில் சொன்னார்கள். எல்லோரும் செய்வதாயிருக்கலாம், ஆனால் எவரும் சொல்லவில்லையே என்பது ஹாப்கின்ஸின் வாதம். அதை அவர் ஜனங்களுக்குச் சொன்னார்; ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த விளம்பரத்தை ரயிலில் படித்துவிட்டு ஒரு புட்டி வரவழைத்தவர்களுள் ஒருவர் சைரஸ் கர்ட்டிஸ். மதுபான விளம்பரங்களைத் தம் பத்திரிகைகளில் அனுமதிக்காத அந்தப் பெரும் பத்திரிகை அதிபரையே புட்டி கேட்க வைத்த எழுத்தாளரைத் தேடிப் பிடிக்கும்படி லாஸ்கருக்குச் சொன்னவரும் அவரே. இவ்விதமாக 1907இல் லார்ட் அண்ட் தாமஸில் சேர்ந்த ஹாப்கின்ஸ், பின்னாளில் வருஷத்துக்கு 1,85,000 டாலர் சம்பாதித்தார். அந்நாளில் அமெரிக்க ஜனாதிபதியின் ஊதியம் இதில் பாதியைக்கூட எட்டவில்லை. பெப்ஸோடென்ட் என்ற பற்பசைக்காக அவர் பல் வைத்திய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படித்து, பல்லின் மேல் படியும் மெல்லிய ஏட்டைப் பற்றிய ஒரு செய்தியைக் கண்டெடுத்து, நாக்கால் தடவிப் பாருங்கள், அது உங்களுக்கே தெரியும் என்ற கருத்தில் எழுதினார். படித்தவர் நாக்கால் தடவினார், ஏடு தெரிந்தது. பல் துலக்கும் வழக்கம் இல்லாத ஜனங்கள் ஏராளமாக இருந்த ஒரு தேசத்தில், அந்தப் பழக்கம் பரவுவதற்கு இந்த வாக்கியமும் ஒரு காரணமாயிற்று.

அவருடைய சாமர்த்தியத்துக்கு ஒரு கறையும் உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது அவரைத் தெரிந்துகொண்டதாகாது. லிக்குவோஸோன் என்று ஒரு மருந்து. கிருமிகளைக் கொன்று பற்பல நோய்களைக் குணப்படுத்தும் என்று அதற்காக எழுதி, அதில் பங்கும் பெற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர் ஹாப்கின்ஸ். 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் இத்தகைய மருந்துகளின் மோசடியைக் காலியர்ஸ் வாரப் பத்திரிகையில் தொடர் கட்டுரைகளாக அம்பலப்படுத்தினார். லிக்குவோஸோனும் அதில் அகப்பட்டது. மறு வருஷமே உணவு மருந்துக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. கரண்டியைத் தேய்த்துக் காட்டினால் வெள்ளி பளபளப்பது கண்ணுக்குத் தெரியும். புட்டி மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை வாங்குபவர் எப்படிப் பார்ப்பார்? ஒரே மனிதரின் ஒரே திறமை ஓரிடத்தில் உபகாரமாகவும் ஓரிடத்தில் அபகாரமாகவும் முடிந்ததற்கு இந்த வித்தியாசமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1923இல் வெளியான விஞ்ஞான விளம்பரம் என்ற சிறு நூலில் ஹாப்கின்ஸ் வற்புறுத்திய கருவி ஒன்று உண்டு, அதுவே கூப்பன். விளம்பரத்தின் மூலையில் புள்ளிக்கோட்டால் ஒரு சதுரம். உள்ளே பெயருக்கும் விலாசத்துக்கும் இரண்டு வரி இடம். அனுப்பவேண்டிய முகவரியில் 'இலாகா 12' என்பது போல ஒரு சிறு குறிப்பு. கம்பெனியில் அப்படி ஓர் இலாகாவே இருக்காது. எந்தப் பத்திரிகையில், எந்த வாரத்தில், எந்தத் தலைப்போடு வெளியான விளம்பரத்திலிருந்து அந்தத் துண்டு கத்தரித்து அனுப்பப்பட்டது என்பதைக் குமாஸ்தா அறிந்து கணக்கில் ஏற்றுவதற்கான சங்கேதம் அது. மேஜையில் கட்டுக் கட்டாக வந்து விழும் அந்தத் துண்டுகளை எண்ணிப் பார்த்தால், எந்த வார்த்தை ஜனங்களைத் தொட்டது, எது தொடவில்லை என்பது சந்தேகமில்லாமல் வெளியாகிவிடும். எழுதியவரின் கர்வத்துக்கோ, முதலாளியின் ருசிக்கோ அங்கே இடமில்லை.

இந்தத் துண்டுக் காகிதங்களுக்கே தம் ஆயுளைக் கொடுத்தவர் ஜான் கேப்பிள்ஸ். 1900இல் நியூயார்க்கில் பிறந்து, கடற்படைக் கல்லூரியில் படித்து, டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த இவர் மிகுந்த சங்கோஜி. விளம்பரத் தொழிலுக்கு வந்து ஓராண்டு நிறையும் முன்பே, தபால் மூலம் சங்கீதம் கற்பிக்கும் ஒரு பள்ளிக்காக 1925இல் அவர் எழுதிய விளம்பரம், விருந்தில் பியானோவின் முன்னால் ஓர் இளைஞன் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் சிரித்ததையும், அவன் வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அடங்கியதையும் கதையாகச் சொல்லி, நாடெங்கும் பேச்சாகிவிட்டது. நாலு பேர் முன்னிலையில் அவமானப்பட்டு விடுவோமோ என்ற அச்சத்தை உள்ளுக்குள் அனுபவித்த ஒருவரே அதை எழுதியிருக்க முடியும். ஒரே பொருளுக்கு, ஒரே பத்திரிகையில், ஒரே அளவில் வெளியான இரண்டு விளம்பரங்களில் ஒன்று மற்றதைப் போல 19½ மடங்கு விற்பனையைக் கொண்டுவந்ததைத் தாம் கண்டதாக அவர் எழுதியதை இன்றும் இத்தொழிலில் மேற்கோள் காட்டாதவர் இல்லை. வித்தியாசம், வாசகரின் எந்த ஆசையைத் தொட்டது என்பதில் இருந்தது.

எர்னஸ்ட் எல்மோ கால்கின்ஸ் என்பவர் ஆறு வயதில் அம்மை கண்டு செவிப்புலனை இழந்தவர். பிறர் பேசுவது கேட்காததால் அச்செழுத்தும் சித்திரமுமே அவருக்கு உலகத்தோடு உறவாகின; அமெரிக்க விளம்பரங்களுக்கு நல்ல ஓவியர்களை அழைத்து வந்து, பக்கத்தின் அமைப்பிலேயே ஒரு கௌரவத்தை உண்டாக்கியவர் அவர். கரிப்புகை படியாத ரயிலில் வெண்ணிற ஆடை உடுத்திப் பயணம் செய்யும் ஃபீபி ஸ்னோ என்ற கற்பனைப் பெண்ணை லாக்கவானா ரயில்வேக்காகப் பிரசித்தமாக்கியது அவருடைய ஸ்தாபனமே. 1924இல் வந்த அவருடைய சுயசரிதையின் தலைப்புக்கு, இன்னும் உரக்கப் பேசுங்கள் என்று அர்த்தம்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆனால் கடையில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்ற பிரத்தியட்ச உண்மையை ஆண்கள் நிறைந்த அந்த அறைகளுக்குள் கொண்டுவந்தவர் ஹெலன் லான்ஸ்டௌன். 1886இல் கென்டக்கி மாகாணத்தின் கிரேஸன் என்ற சிற்றூரில், ஒன்பது குழந்தைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தார். தாயார் கணவரைப் பிரிந்து, குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேறூருக்கு வந்து, தாமே உழைத்து அவர்களைக் காப்பாற்றினார். தன் காலில் நிற்கப் பழகு என்பதே அந்த அம்மாள் பெண்களுக்கு அளித்த சீதனம். பள்ளிப் படிப்பை முதல் மாணவியாக முடித்த ஹெலன், சின்சினாட்டியில் சிறு சிறு வேலைகள் பார்த்து, ஜே. வால்ட்டர் தாம்ஸன் என்ற ஸ்தாபனத்தின் கிளையில் எழுத்தாளராகச் சேர்ந்து, 1911இல் நியூயார்க்குக்குப் போனார். உட்பரி முகச் சோப்புக்கு அவர் எழுதிய விளம்பரங்கள் தோல் வியாதிக்கு மருந்து என்ற பழைய பல்லவியை விட்டுவிட்டு, மென்மையான சருமத்தைத் தொட விரும்பும் மனத்தைப் பற்றிப் பேசின. அந்நாளைக்கு அது மிகத் துணிச்சலான பேச்சு. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் புதிய சமையல் கொழுப்பு ஒன்றை வெளியிட்டபோது, அதன் நிர்வாக சபையின் முன் நின்று விளக்கம் சொன்ன முதல் பெண்மணியும் அவரே.

1916இல் ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கிய ஸ்டான்லி ரீஸர் மறு வருஷம் அவரை மணந்துகொண்டார். நிர்வாகம் கணவருடையது, எழுத்து மனைவியுடையது. ஹெலன் தமக்குக் கீழே பெண் எழுத்தாளர்களின் ஒரு பகுதியையே உண்டாக்கி, ஓட்டுரிமைக்காக வீதியில் ஊர்வலம் போன பெண்கள் பலரை அதில் சேர்த்துக்கொண்டார். தாமும் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்தாம். அந்தப் பகுதியின் பெண்கள் அலுவலகத்துக்குள்ளும் தலையில் தொப்பியோடே இருப்பார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் காரியதரிசி என்று எண்ணி எவரும் அவர்களிடம் வேலை ஏவிவிடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அமெரிக்கப் பெண்களுக்குத் தேசமெங்கும் ஓட்டுரிமை கிடைத்தது 1920இல். அதற்கு முன்பே நாட்டின் மிகப் பெரிய விளம்பர ஸ்தாபனங்களுள் ஒன்றில் பெண்கள் தங்கள் வார்த்தைக்கு மதிப்பு பெற்றிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் மனம் பூரிக்கிறது. ஹெலன் பேட்டி கொடுப்பதை விரும்பவில்லை; நூல் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆண்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்காமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டேவிட் ஓகில்வியின் பெயர் மாத்திரம் உலகமெங்கும் தெரியும். 1911இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெறாமல் வெளியேறியவர். பாரிஸில் மஜஸ்டிக் ஹோட்டலின் சமையலறையில் மோன்ஸ்யூர் பிட்டார் என்ற கண்டிப்பான தலைமைச் சமையற்காரரின் கீழே வேலை பார்த்தவர். பிறகு ஸ்காட்லாந்தில் ஆகா என்ற விலை உயர்ந்த அடுப்பை வீடு வீடாகப் போய் விற்றவர். அடுப்பு விற்பனையில் அவர் சோபித்ததைக் கண்ட கம்பெனியார், மற்ற விற்பனையாளர்களுக்காக ஒரு கையேடு எழுதித் தரும்படி கேட்டார்கள். 1935இல், இருபத்து நான்காம் வயதில், அவர் எழுதிய அந்தக் கையேட்டை நான் இத்தொழிலின் சிறந்த இலக்கியம் என்றே சொல்வேன். ஆடை அடக்கமாக இருக்கட்டும், முகத்தை நன்றாகச் சவரம் செய்துகொள், முன்வாசலுக்குப் போகாதே, புறவாசலுக்குப் போ என்று அது உபதேசிக்கிறது. பணிப்பெண்ணுக்கும் எஜமானிக்கும் முன்வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளனைக் கண்டால் எரிச்சல் வரும் என்பதும், அடுப்போடு தினமும் பழகப்போகிற சமையற்காரியின் மனத்தை முதலில் அறியவேண்டும் என்பதும் அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தன. அவரே அடுப்பின் முன் நின்று வெந்தவர் அல்லவா? பிற்காலத்தில் ஃபார்ச்சூன் பத்திரிகை, விற்பனையைப் பற்றி எழுதப்பட்ட கையேடுகளில் இதுவே தலைசிறந்தது என்று புகழ்ந்தது.

1938இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய அவர், அபிப்பிராய வாக்கெடுப்பில் புகழ்பெற்ற ஜார்ஜ் காலப்பிடம் வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊராக ஜனங்களின் ருசியைக் கணக்கெடுக்கும் கலையைக் கற்றார். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் உளவு இலாகாவில் இருந்துவிட்டு, பென்ஸில்வேனியாவில் ஆமிஷ் சமூகத்தாரின் நடுவே சிறிது காலம் விவசாயமும் செய்து பார்த்த பின், 1948இல், முப்பத்தேழாவது வயதில், ஆறாயிரம் டாலர் கையிருப்போடு நியூயார்க்கில் சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, மேய்ன் மாகாணத்துச் சிறு சட்டைக் கம்பெனியான ஹாத்தவேயின் விளம்பரத்துக்குப் புகைப்படம் எடுக்கப் போகும் வழியில், மருந்துக் கடையில் ஒன்றரை டாலருக்கு ஒரு கறுப்புக் கண்மறைப்பை வாங்கிக்கொண்டு போய், படத்தில் நிற்பவரின் ஒரு கண்ணில் கட்டிவிட்டார். இந்த மனிதருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்த வாசகர்கள் படத்துக்குக் கீழே இருந்ததையும் படித்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுத அமர்ந்தபோது, அந்தக் காரைப் பற்றிய விவரங்களைப் படிப்பதிலேயே மூன்று வாரம் செலவிட்டார். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் ஓடும்போதும் உள்ளே இருக்கும் மின்சாரக் கடிகாரத்தின் சப்தமே பெரிதாகக் கேட்கிறது என்ற பிரசித்திபெற்ற செய்தி அந்தப் படிப்பில் கிடைத்ததே தவிர, கற்பனையில் உதித்ததன்று.

ஓகில்வி தம் குருவை மறைக்கவில்லை. ஹாப்கின்ஸின் சிறு நூலை ஏழு தடவை படிக்காதவர் விளம்பரத் தொழிலில் கை வைக்கவே கூடாது என்று சொன்னார். அந்நூலை அவருக்குக் கொடுத்தவர் ராஸர் ரீவ்ஸ். இருவரும் அக்காள் தங்கையை மணந்த சகலைகள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு தனி வாக்குறுதி, அதைச் சலிக்காமல் திரும்பச் சொல் என்ற ரீவ்ஸின் கொள்கை தலைவலி மாத்திரைகளை மலைபோல் விற்றது. ஆனால் மண்டைக்குள் சுத்தியல் அடிப்பதாகக் காட்டிய அவருடைய டெலிவிஷன் படங்களைக் கண்டு ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அதற்கு நேர் எதிராக, விதிகளை நம்பாமல், வாசகரின் நுட்பமான புத்தியை நம்பியவர் பில் பெர்ன்பாக். வோக்ஸ்வாகன் காரின் சிறு உருவத்தையே அதன் பெருமையாக்கிக் காட்டிய விளம்பரங்கள் அவருடைய ஸ்தாபனத்தில் பிறந்தவை. இவ்விருவரில் பெர்ன்பாக்கின் பக்கமே என் மனம் சாய்கிறது. வாசகரை அறிவிலி என்று எண்ணி எழுதுபவரின் எழுத்து எவ்வளவு விற்றாலும் அதில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. தம் வீட்டில் மனைவிக்குச் சொல்லத் துணியாத பொய்யை ஊரார் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லலாகாது என்பதை ஓகில்வியும் 1963இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தினார். நாலாயிரம் பிரதி போகும் என்று எதிர்பார்த்து, அதன் உரிமையை மகனின் இருபத்தோராவது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

லாஸ்கர் கதையின் முடிவு வேறுவிதமானது. 1920களின் பிற்பகுதியில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டுக்காக, மிட்டாய்க்குப் பதில் சிகரெட்டை எடுங்கள், உடல் பெருக்காது என்ற பொருளில் பெண்களை நோக்கிச் செய்த பிரசாரம் அவருடைய ஸ்தாபனத்தினுடையது. 1942இல் தொழிலை விட்டு விலகியபோது, தம் ஸ்தாபனத்தின் பெயரையே ஒருவரும் உபயோகிக்கக்கூடாது என்று முடித்துவிட்டு, மனைவி மேரியோடு சேர்ந்து மருத்துவ ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதில் அந்தத் தம்பதிகள் காட்டிய ஊக்கம் அமெரிக்க மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சிகரெட்டை விற்ற அதே சாமர்த்தியம் அங்கேயும் வேலை செய்தது. 1952இல் லாஸ்கர் இறந்ததும் புற்றுநோயால்தான். அவர் எழுத்தாளர்களைக் கொண்டு செய்வித்த தீங்கும், பின்னர் தாமே செய்த நன்மையும் ஒன்றையொன்று ஈடுசெய்து விட்டன என்று என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டும் உண்மை.

கடைசியாக ஹவர்ட் காஸேஜ். சான் பிரான்ஸிஸ்கோவில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை அலுவலகமாக்கிக்கொண்டு, விளம்பரம் என்பது வாசகரோடு நடத்தும் சம்பாஷணை என்று சொல்லி வந்த இவர், தம் தொழிலின் பெரும்பகுதி வீண் என்று வெளிப்படையாகவே கண்டித்தவர். 1966இல் கொலராடோ நதியின் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் இரண்டு அணைகள் கட்ட அரசாங்கம் திட்டமிட்டபோது, சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சார்பில், ஜூன் 9ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் வெளியாயிற்று. காஸேஜும் அவருடைய கூட்டாளி ஜெர்ரி மாண்டரும் தயாரித்தது. அதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஜனாதிபதிக்கும், உள்நாட்டு இலாகா மந்திரிக்கும், காங்கிரஸ் அங்கத்தினர்களுக்கும் அனுப்புவதற்கான கூப்பன்கள் இருந்தன. தனித்தனியே கத்தரித்து, பெயரெழுதித் தபாலில் சேர்க்கவேண்டியதுதான். மறுநாளே வருமானவரி இலாகா, சங்கத்துக்குக் கொடுக்கும் நன்கொடைகளுக்கு இனி வரிச் சலுகை கிடையாது போகலாம் என்று எச்சரித்து ஆளனுப்பியது. அந்தச் செய்தி பரவியதில் மேலும் பல்லாயிரம் பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

அணை கட்டினால் நீர்மட்டம் உயர்ந்து, படகில் போகிறவர்கள் பள்ளத்தாக்கின் சுவர்களை அருகிலிருந்து பார்க்கலாமே என்று அதிகாரிகள் ஒரு சமாதானம் சொன்னார்கள். அப்படியானால், விதானத்துச் சித்திரங்களைப் பயணிகள் கிட்டே போய்ப் பார்ப்பதற்காக ரோமாபுரியின் ஸிஸ்டைன் தேவாலயத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தலாமா என்று பின்னர் வந்த ஒரு விளம்பரம் கேட்டது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. 1968 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்ட கொலராடோ நதிநீர்ச் சட்டத்தில் அந்த இரண்டு அணைகளும் இல்லை. காஸேஜ் அடுத்த வருஷம் ரத்தப் புற்றுநோயால் காலமானார்; அவருக்கு வயது ஐம்பத்தொன்று.